டிரிப் ஆகிறது என்று கழற்றிவிடாத எலக்ட்ரீசியன்

கும்பகோணத்தில் எங்கள் வீடு மாமனார் 1978-இல் கட்டியது. ரேழி, முற்றம், தாழ்வாரம், பின்னால் கொல்லை. ஒயரிங்கும் அன்று போட்டதுதான். நடுவில் கீசர், இன்வெர்ட்டர், ஏ.சி. என்று ஒவ்வொன்று வந்தபோதும் யாராவது ஒருவர் வந்து ஒரு ஒயரை இழுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

போன ஐப்பசி மழையில் ஒரு காலை, பால் எடுக்க ஃபிரிட்ஜ் கதவில் கை வைத்த அத்தை அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். ஈரத் தரை, வெறுங்கால், வயது 76. கை பிடியிலேயே ஒட்டிக்கொள்ளாமல் உதறித் தள்ளியதால் பிழைத்தார். அன்று முழுக்க அவருக்கு நடுக்கம் நிற்கவில்லை. எனக்கும்தான்.

இதே ஃபிரிட்ஜில் தொட்டால் லேசாகச் ‘சுர்’ என்கிறது என்று இரண்டு வருடத்துக்கு முன்பு ஒருவரைக் கூப்பிட்டிருந்தோம். அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டதாகச் சொல்லி 400 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். சுர் நின்றதும் உண்மை. எப்படி நின்றது என்பது இந்த முறைதான் தெரிந்தது.

இந்த முறை வந்தவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் ‘தம்பி’ என்றே எழுதுகிறேன். வயர்மேன் சான்றிதழ் வைத்திருக்கிறார். கேட்காமலே எடுத்துக் காட்டினார். கூட ஒரு பையன் உதவிக்கு. ஷாக் அடிக்காமல் இருக்க ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாகவே ‘விழுந்து’, அதாவது டிரிப் ஆகி, கரண்ட்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) மாட்டித் தர வேண்டும் என்றேன். (கடையில் இன்னமும் இ.எல்.சி.பி. என்ற பழைய பெயரில்தான் கேட்கிறார்கள்.) அவர் சொன்ன பதில்: “மாட்டிடலாம்க்கா. ஆனா இந்த வீட்டுல மாட்டின உடனே விழும். ஏன் விழுதுன்னு ஒவ்வொண்ணா தேடணும். நாள் ஆகும். நடுவுல, போதும், அதைக் கழட்டி டைரக்டா குடுத்துடுன்னு சொன்னீங்கன்னா நான் வேலைக்கு வரலை.”

முதலில் ஃபிரிட்ஜ் பாயிண்டைத்தான் திறந்தார். போர்டைக் கழற்றித் திருப்பி, டார்ச் அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். மூன்று பின் சாக்கெட்டின் பின்புறம், நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) திருகிலிருந்து மேலே எர்த் (கசியும் கரண்ட்டைத் தரைக்கு இறக்கும் ஒயர்) திருகுக்கு விரல் நீளத்தில் ஒரு கறுப்பு ஒயர் துண்டு. அந்த போர்டுக்கு எர்த் ஒயரே வரவில்லை. முன்னால் வந்தவர் நியூட்ரலையே எர்த் ஆக்கிவிட்டுப் போயிருக்கிறார். நியூட்ரல் ஒழுங்காக இருக்கும்வரை ஃபிரிட்ஜ் உடம்பில் எதுவும் தெரியாது, சுர்ரும் இருக்காது. நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், ஃபேஸ், அதாவது உள்ளே வருகிற கரண்ட், மோட்டார் வழியாக வந்து, திரும்பிப் போக வழியில்லாமல், அந்தத் துண்டு ஒயர் வழியே ஃபிரிட்ஜின் உடம்புக்கே 230 வோல்ட்டைக் கொண்டுவந்து நிறுத்தும். அடுத்து ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார். நியூட்ரல் முறுக்கு கருகி, தொட்டதும் உதிர்ந்தது. அத்தைக்கு ஷாக் அடித்த காலையில் ஃபிரிட்ஜ் சத்தமே இல்லாமல் இருந்தது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. கரண்ட் இல்லை என்று நினைத்துத்தான் அத்தை அவசரமாகப் பாலை எடுக்கப் போயிருந்தார்.

அந்தக் கறுப்புத் துண்டை நான் தூக்கிப்போடவில்லை, எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் மூன்று பின் சாக்கெட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது கொல்லையில் இருந்த எர்த் குழாய். கிணற்றடிப் பக்கம் இரண்டு கம்பிகளை எட்ட எட்ட அடித்து, எர்த் டெஸ்டர் வைத்து அளந்தார்: 38 ஓம் (தரைக்குப் போகும் வழியின் தடை இது, குறைவாக இருந்தால்தான் நல்லது). குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப் துருவேறிப் பாதி இல்லை. “எம்.சி.பி. இருக்கே, அது விழாதா?” என்று கேட்டேன். (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானாக விழும் ஸ்விட்ச்தான் எம்.சி.பி.) தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டினார். 230 வோல்ட்டை 38-ஆல் வகுத்தால் சுமார் 6 ஆம்பியர். கீசர் உடம்பில் ஃபேஸ் பட்டால் எர்த் வழியாக ஓடுவது அவ்வளவுதான். கீசருக்கு இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி., 6 ஆம்பியர் ஓடினால் அது அசையாது. கீசர் உடம்பு கரண்ட்டோடு அப்படியே நிற்கும். எம்.சி.பி. ஒயர் எரியாமல் காப்பாற்ற வந்தது, ஆளைக் காப்பாற்ற அல்ல. ஆர்.சி.சி.பி. வேறு மாதிரி வேலை செய்கிறது: ஃபேஸில் போகிற கரண்ட்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்ட்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போடுவதில் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே விழுந்துவிடும், அதுவும் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள்.

பழைய மெயின் போர்டில் இருந்த ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கியபோது, உள்ளே ஃப்யூஸ் கம்பிக்குப் பதில் மூன்று இழை செம்புக் கம்பி முறுக்கியிருந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பாதி ஊரில் அப்படித்தான் இருக்கிறது. அந்த போர்டையே தூக்கிவிட்டு, எம்.சி.பி. பாக்ஸ் புதிதாக வைத்தார்.

ஆர்.சி.சி.பி. மாட்டினார். அவர் சொன்ன மாதிரியே விழுந்தது. ஃபிரிட்ஜில் பார்த்தது போலவே, மாடிக்குப் போகும் வழியில் இன்னொரு சாக்கெட்டிலும் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருந்தன. அதை எடுத்ததும் விழுவது நின்றது. மறுநாள் காலை கீசரைப் போட்டதும் விழுந்தது. மெகர் (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்தார். எலிமெண்ட் உள்ளுக்குள் லீக் ஆகிக்கொண்டிருந்தது. வெந்நீர் வருகிறதே என்று அதை இத்தனை நாள் பயன்படுத்தி வந்திருக்கிறோம். எலிமெண்ட் மாற்றியாயிற்று. மூன்றாவதுதான் அவரையே திணறடித்தது. கூடத்து ஃபேனைப் போட்டால் மட்டும் விழும். ஃபேனில் கோளாறு இல்லை, ஒயரும் நல்ல ஒயர். ஒரு பகல் முழுக்க ஏணியில் நின்று ஒவ்வொரு நியூட்ரலாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிடிபட்டது. ஃபேனுக்கு ஃபேஸ் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி இன்வெர்ட்டர் வழியாக வருகிறது. நியூட்ரலை மட்டும் யாரோ மெயினுக்குப் பக்கத்தில், ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் இருக்கிற பழைய ஒயரில் கொடுத்திருக்கிறார்கள். ஆக, போன கரண்ட் ஆர்.சி.சி.பி. வழியாகத் திரும்பவே இல்லை. விழாமல் என்ன செய்யும்? இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் ஆர்.சி.சி.பி. ‘சும்மா சும்மா விழுகிறது’ என்று சொல்லிக் கழற்றிவிடுவதற்குப் பாதிக் காரணம் இந்த நியூட்ரல் கலப்புதான் என்றார் தம்பி. இந்த ஒரு பகலுக்காகவே அவரை யாருக்கும் சொல்லலாம்.

கொல்லையில் புது எர்த் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி மறுநாள் அளந்தபோது 3 ஓமுக்கும் கீழே வந்தது. காவிரிக் களிமண், ஈரம் நிற்கும். பிளக் பாயிண்ட்களுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், ஏ.சி.க்கும் கீசருக்கும் 4. எல்லாப் பாயிண்டுக்கும் பச்சை எர்த் ஒயர் தனியாகப் போயிருக்கிறது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். கூலி 14,500 ரூபாய். சாமான் 23,000 சொச்சம், அதில் ஆர்.சி.சி.பி. மட்டும் 2,150. 40 ஆம்பியர், ‘ஏ’ டைப். சாதாரண ‘ஏசி’ டைப் கொஞ்சம் மலிவு. ஆனால் இன்வெர்ட்டர் ஏ.சி., வாஷிங் மெஷின் போன்றவற்றுக்குள் எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. அவற்றின் லீக்கேஜ் முழு ஏ.சி. கரண்ட்டாக (திசை மாறி மாறி ஓடும் கரண்ட்டாக) வராது, ‘ஏசி’ டைப் அதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம் என்பதால் ‘ஏ’ டைப்தான் வாங்கச் சொன்னார். சாமானை அவர் வாங்கி விலை ஏற்றவில்லை. பட்டியல் எழுதிக் கொடுத்து எங்களையே கடைக்கு அனுப்பினார், பில் எங்கள் பெயரில்.

குறையும் உண்டு. மூன்று நாள் என்றது ஆறு நாள் ஆயிற்று. தேடல் வேலைக்கு நாள் ஆனது எனக்குப் புரிகிறது, ஆனால் நடுவில் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்துவிட்டார். அன்று அடுக்களையில் லைட் இல்லை, மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு இட்லி ஊற்றினேன். சுவரைக் காடி அடித்த இடத்தில் சிமெண்ட் பூசியதோடு சரி. பெயிண்ட் நம் பாடு, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். இந்த இரண்டுக்குமாக அரை மதிப்பெண் குறைத்து, ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன்.

போகும்முன் ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் கீழே மார்க்கரால் தமிழில் எழுதினார்: அடுக்களை, கூடம், கீசர், மோட்டார், மாடி. அப்புறம் அத்தையை நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். “பாட்டி, இது இருக்குன்னு தைரியமா ஒயரைத் தொட்றாதீங்க. ஒரு கையில ஃபேஸ், இன்னொரு கையில நியூட்ரல்னு பிடிச்சா, நீங்களும் ஒரு பல்புன்னு நினைச்சுக்கும், விழாது. அப்புறம் இந்த ‘டி’ பட்டன் இருக்குல்ல, மாசம் ஒரு தடவை அமுக்குங்க. டக்குன்னு விழணும். விழலைன்னா அன்னிக்கே எனக்கு போன் பண்ணுங்க.” பட்டன் சொல்வது கருவியைப் பற்றி மட்டும்தான், எர்த் நன்றாக இருக்கிறதா என்று அது சொல்லாது; அதை வருடம் ஒரு முறை வந்து அளந்து தருவதாகவும், 300 ரூபாய் ஆகும் என்றும் என்னிடம் தனியாகச் சொன்னார்.

மாதம் ஒரு தடவை என்றால் மறந்துபோகும் என்று அத்தை அமாவாசைக்கு வைத்துக்கொண்டார். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து, ஈரக் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, பட்டனை அமுக்குவார். டக். ஃபேன் மெதுவாக நிற்கும். “விழுந்துடுத்து” என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, அவரே மறுபடி மேலே தள்ளிவிடுவார்.