பவளப்பாறைச் சுறாவைப் படம் பிடிக்க: சின்ன கேமராவா, கூடு போட்ட பெரிய கேமராவா?

ஈரோட்டில் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவர் டைவிங் பயிற்சி முடித்துவிட்டு, அடுத்தது சுறாதான் என்று நிற்கிறார். கையில் நல்ல சோனி மிரர்லெஸ் (லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா) இருக்கிறது. "ஏனுங் தம்பி, இதுக்கே ஒரு கூடு வாங்கி மாட்டிக்கிட்டாப் போதுங்களா, இல்ல நீங்க வெச்சிருக்கற மாதிரி சின்னதே வாங்கிக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

நான் வைத்திருப்பது கோப்ரோ என்ற உள்ளங்கை அளவு கேமராவும் அதற்கான டைவ் ஹவுசிங்கும், அதாவது தண்ணீர் புகாத கூடும். இரண்டையும் யோசித்துப் பார்த்துத்தான் அதை எடுத்தேன், இன்றைக்கு மறுபடி வாங்கினாலும் அதையே எடுப்பேன். அதனால் நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஏன் அந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

படத்தின் தரத்தில் மிரர்லெஸ்தான் மேல். பெரிய சென்சார், மாற்றக்கூடிய லென்ஸ், மங்கலான வெளிச்சத்தில் புள்ளி தட்டாத படம். அதில் விவாதமே இல்லை. ஆழத்தில் இரண்டுக்கும் பிரச்சினை கிடையாது. கோப்ரோ கூடு இல்லாமல் 10 மீட்டர், டைவ் ஹவுசிங்கோடு 60 மீட்டர் தாங்கும். மிரர்லெஸ்ஸுக்கு வரும் பிளாஸ்டிக் கூடுகள் பெரும்பாலும் 40 மீட்டர், அலுமினியக் கூடுகள் 100 மீட்டர். முதல் நிலைப் பயிற்சி முடித்தவருக்கு 18 மீட்டர், அடுத்த நிலை முடித்தவருக்கு 30 மீட்டர்தான் எல்லை. விலையைப் பொறுத்தவரை, அலுமினியக் கூடு மட்டுமே லட்சத்தைத் தாண்டும். லென்ஸுக்கு முன்னால் வரும் அரைக்கோளக் கண்ணாடியான டோம் போர்ட்டுக்குத் தனிக் காசு.

எந்தச் சுறாவை எடுக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மீதிப் பேச்சு. லட்சத்தீவு, அந்தமான், மாலத்தீவு என்று நமக்குக் கைக்கெட்டும் பவளப்பாறைகளில் மூன்று வகையைத்தான் தேடிப் போகிறோம்: பிளாக்டிப், ஒயிட்டிப், கிரே ரீஃப். மூன்றுக்கும் சுபாவம் வேறு வேறு.

பிளாக்டிப் துடுப்பு நுனி கறுத்தது. பவளப்பாறைக்கு உள்பக்கம் உள்ள ஆழமில்லாத லகூனில்தான் சுற்றும், குட்டிகள் முழங்கால் தண்ணீரிலேயே திரியும். கூச்சம் அதிகம். நாம் அதை நோக்கி ஒரு உதை உதைத்தால் அது பத்து உதை தள்ளிப் போய்விடும். துரத்தி எடுத்த படத்தில் வால் மட்டும்தான் இருக்கும். இங்கே வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை, அதனால் பெரிய சென்சாரின் பலன் பாதி வீண். சின்ன கேமராவை ஒரு ஈய எடையில் கட்டி மணலில் வைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். மணலில்தான் வைக்க வேண்டும், உயிருள்ள பவளத்தின் மேல் அல்ல. வாயில் இருந்து போகும் குமிழிச் சத்தம் இல்லாத இடத்தில் சுறா தன் போக்கில் வரும், லென்ஸை ஒட்டிக்கூடப் போகும். 2020இல் நேச்சர் இதழில் வந்த பெரிய கணக்கெடுப்பே இந்த வழியில் நடந்ததுதான். 58 நாடுகளில் 371 பவளப்பாறைகளில், இரை வைத்த கேமராவை இறக்கிவிட்டு ஆள் இல்லாமல் 15,000 மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்தார்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பாறையில் ஒரு சுறாகூடப் பதிவாகவில்லை. அது ஆய்வு, அவர்கள் இரை வைத்தார்கள். நாம் வைக்கக் கூடாது. இரைக்கு வரும் சுறாவின் நடத்தை வேறு, அதைப் பார்க்க இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

ஒயிட்டிப் பகலில் பாறை இடுக்கில், குகைத் தரையில் படுத்துக் கிடக்கும். நீந்தாமலே செவுளுக்குள் தண்ணீரை இழுத்துக்கொள்ள இதற்கு முடியும், அதனால் அசையாமல் படுத்திருக்கலாம். வேட்டை எல்லாம் ராத்திரியில். பக்கவாட்டில் மெதுவாக, தரையோடு தரையாகப் போனால் கைக்கெட்டும் தூரம் வரை விடும். குகை வாயை மட்டும் அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, அதற்கு வெளியேற வழி வேண்டும். இந்த ஒரு சுறாவுக்கு மிரர்லெஸ்ஸும் ஒரு நல்ல விளக்கும் வைத்திருப்பவரைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான். இடுக்கின் இருட்டில் சின்ன கேமரா தரும் படம் கொஞ்சம் குழம்பிப் போகும். ராத்திரி டைவில் நான் படம் எடுத்ததில்லை, அதனால் வேட்டைக் காட்சிக்கு எது நல்லது என்று என் அனுபவத்தில் இருந்து பேச முடியாது.

கிரே ரீஃப் தான் எல்லோரும் ஆசைப்படும் சுறா. மாலத்தீவில் கடல் நீர் உள்ளே பாயும் நேரத்தில், பவளத் தீவுகளுக்கு நடுவே உள்ள கால்வாய் வாயில் கூட்டமாக நிற்கும். நீரோட்டம் பலமாக இருக்கும். பாறை முனையில் ஒரு கொக்கியை மாட்டி, அந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு கை கயிற்றுக்குப் போய்விடும். இரண்டு கைப்பிடி, இரண்டு விளக்குக் கை, டோம் எல்லாம் வைத்த பெரிய கூட்டை நீரோட்டம் பிடித்து இழுக்கும்போது மணிக்கட்டு கழன்றுவிடும் போலிருக்கும். சின்னதை ஒரே கையில் பிடித்து நிதானமாக எடுக்கலாம்.

கிரே ரீஃப் மிரட்டும் விதத்தைக் கேமரா எடுப்பவர் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதுகைக் கூனிக்கொள்ளும், மூக்கைத் தூக்கும், பக்கத் துடுப்புகளைக் கீழே இறக்கும், உடம்பை வழக்கத்துக்கு மீறி ஆட்டி ஆட்டி நீந்தும். ஜான்சன், நெல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை 1973இல் விவரமாக எழுதினார்கள். மார்ஷல் தீவுகளில் உள்ள எனிவெடாக்கில் அதே 1970களில், மிரட்டல் காட்டிய சுறாவைப் படம் எடுத்த ஒருவர் மோசமாகக் கடிபட்டார். துரத்துவதும் மூலையில் மடக்குவதும்தான் சுறாவை இந்த நிலைக்குத் தள்ளும். பெரிய ஃபிரேம் வேண்டும் என்று கிட்டே கிட்டே போகிறவர் தெரியாமலே அதைத்தான் செய்கிறார். முதுகு கூனியதைப் பார்த்த நொடியில் கேமராவை இறக்கிவிட்டு, சுறாவைப் பார்த்தபடியே, அதற்குப் போக்கு விட்டு மெல்ல விலக வேண்டும். எந்தக் கேமரா கையில் இருந்தாலும் இது ஒன்றே.

சரி, இதுவரை சொன்னதில் சுறாவுக்குச் சுறா ஆதாயம் மாறுகிறது. என்னை முடிவுக்குக் கொண்டு வந்தது பராமரிப்பு. கடற்கரையில் டைவிங் கடை வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. திருப்பூரில் வீடு வைத்துக்கொண்டு, வருஷத்தில் எப்போதாவது பாலக்காட்டு வழியே ரயிலேறி கொச்சி போய், அங்கிருந்து மாலேவுக்கோ அகத்திக்கோ விமானம் பிடிக்கிறவருக்கு இதுதான் எல்லாமே.

கூட்டுக்குள் தண்ணீர் வராமல் காப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். மிரர்லெஸ் கூட்டில் கதவுக்கு ஒன்று, போர்ட்டுக்கு ஒன்று, அப்புறம் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒவ்வொரு திருகுக்கும் ஒன்று. கேமராவில் எத்தனை பொத்தான் இருக்கிறதோ கிட்டத்தட்ட அத்தனை துளை கூட்டிலும் இருக்கும். கோப்ரோ ஹவுசிங்கில் இரண்டு பொத்தான், ஒரு கதவு. அவ்வளவுதான்.

பெரிய வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் பூச வேண்டும். எங்கள் ஊரில் பஞ்சு இல்லாத காற்று எங்கே இருக்கிறது? ஜன்னல் கம்பியைத் தடவினால் விரலில் ஒட்டும். நண்பர் ஒருவரின் பெரிய கூட்டுக்குக் கிரீஸ் பூச நானும் உட்கார்ந்திருக்கிறேன். வளையத்தைக் கழற்றி, துடைத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்ல இழுத்துக்கொண்டே பூசினோம். கண்ணுக்கு எல்லாம் சுத்தம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் கிரீஸில் பதிந்து கிடந்த ஒரு வெள்ளை நூல் தெரிந்தது, அரை அங்குலம்கூட இருக்காது. தலைமுடி மாதிரி ஒரு இழை வளையத்தின் குறுக்கே கிடந்தால் போதும், அதன் ஓரமாகவே உப்புத் தண்ணீர் உள்ளே நடந்து வரும். வண்டி முதல் தையல் மிஷின் வரை எல்லாவற்றையும் பனியன் வேஸ்ட்டால் துடைத்துப் பழகிய கை நமக்கு. இந்த வேலைக்கு மட்டும் அது ஆகவே ஆகாது. மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணிதான் சரி. வளையத்தைக் கிளப்ப ஊசி வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டின் மூலை போதும்.

கோப்ரோ கூட்டின் கதவில் இருக்கும் சீல் கிரீஸ் கேட்காது. கழுவி, உலர வைத்து, வெளிச்சத்தில் ஒரு சுற்றுப் பார்த்து மூடினால் முடிந்தது. கிரீஸ் இல்லாததால் பஞ்சும் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை.

அடுத்தது தண்ணீர். கடலில் இருந்து ஏறியதும் உப்பு காய்வதற்குள் கூட்டை நல்ல தண்ணீரில் ஊற வைத்து, உள்ளே இருக்கும்போதே பொத்தான்களை அழுத்தி அழுத்தி விட வேண்டும். வீட்டுக்கு வந்து மறுபடி நிதானமாக ஒருமுறை. அப்போது போர் தண்ணீரில் போட்டுவிடக் கூடாது. அவிநாசி, பல்லடம் பக்கம் போர் தண்ணீர் வாளியில் என்ன பண்ணும் என்று எல்லோருக்கும் தெரியும், வெள்ளையாகப் படியும். அந்தப் படிவு பொத்தானின் ஸ்பிரிங்கில் உட்கார்ந்தால் அழுத்திய பொத்தான் மேலே வராது. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கோயம்புத்தூரில் சிறுவாணி வரும் வீடு என்றால் கவலையே இல்லை. சின்னக் கூட்டுக்கு ஒரு குண்டா தண்ணீர் போதும். பெரிய கூடு, போர்ட், கை எல்லாம் ஊற ஒரு அண்டா வேண்டும். ஆற்றுத் தண்ணீர் முறை வைத்து வரும் ஊரில் அதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

புதுக் கூடு வந்ததும் கேமரா இல்லாமல் சோதிக்க நமக்கு ஒரு வசதி உண்டு. தோட்டத்துக் கிணறு. கூட்டுக்குள் டிஷ்யூ தாளை வைத்து மூடி, எடை கட்டி, கயிற்றில் இறக்கி அரை மணி நேரம் விட்டு எடுத்துப் பாருங்கள். தண்ணீர் 30 அடி நின்றால் கடலில் கிட்டத்தட்ட 9 மீட்டருக்கு உள்ள அழுத்தம் அங்கேயே கிடைத்துவிடும். மேல்மட்டத்திலும் கொஞ்ச நேரம் பிடித்து வையுங்கள். ஆழம் போகப் போக அழுத்தம் வளையத்தை இறுக்கிவிடும், பல கசிவுகள் முதல் சில அடியிலேயே நடந்துவிடும். மிரர்லெஸ் கூடுகளில் காற்றை உறிஞ்சி எடுத்துச் சோதிக்கும் பம்ப் வசதி வருகிறது, விளக்கு பச்சையாக இருந்தால் தைரியமாக இறங்கலாம். அது நிஜமாகவே நல்ல வசதி, சின்னக் கூட்டில் அது கிடையாது.

இவ்வளவும் பார்த்துக்கொண்டும் ஒருநாள் தண்ணீர் புகுந்தால்? சின்ன கேமரா போனால் மனசு வலிக்கும், வேலை நிற்காது. ஈரோட்டு அண்ணனின் மிரர்லெஸ் அவருடைய சோறு. தை முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் அதில் உப்புத் தண்ணீர் ஏறினால், முன்பணம் வாங்கிய வீட்டுக்கு என்ன பதில் சொல்வது? உப்பு புகுந்த சர்க்யூட் போர்டைச் சரி செய்து மறுபடி மண்டபத்தில் நம்பி நிற்க முடியாது. இந்த ஒன்றுக்காகவே நான் அவருக்குச் சின்னதைச் சொன்னேன்.

மறு விற்பனையும் அதே பக்கம்தான் சாய்கிறது. மிரர்லெஸ் கூடு ஒரே ஒரு மாடலுக்கு அச்சு வார்த்தது. கேமராவை மாற்றினால் கூடு அலமாரிக்குப் போகும், அதே பழைய மாடலை வைத்திருக்கும் டைவர் கிடைத்தால்தான் விற்கும். கோப்ரோவில் 9 முதல் 12 வரை நான்கு தலைமுறைக்கும் ஒரே ஹவுசிங் பொருந்தும்.

சின்னதின் குறைகளையும் சொல்ல வேண்டும். தண்ணீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது, எல்லா அமைப்பையும் படகிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். மூடும்போது ஈரக்காற்று உள்ளே மாட்டினால், கேமராவின் சூடும் கடலின் குளிர்ச்சியும் சேர்ந்து கண்ணாடியில் ஆவி படியும். காலையில் அறையிலேயே, ஈரம் உறிஞ்சும் பட்டை ஒன்றை வைத்து மூடிவிட்டால் அது வராது. பெரிய குறை லென்ஸ்தான். தண்ணீருக்குள் நம் கண்ணுக்கு எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், மூன்று மீட்டரில் வந்த சுறா பிரம்மாண்டமாக இருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் அகலக் கோணத்தில் அது கட்டை விரல் அளவு. லீனியர் என்ற குறுகலான கோணத்தில் வைத்து எடுங்கள், சூரியனை முதுகுப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பாறை ஓரத்தில் தாழ்வாக அசையாமல் இருந்து, மூச்சை அடக்காமல் மெதுவாக விட்டுக்கொண்டே காத்திருங்கள். சிறு மீன்கள் சுறாவைச் சுத்தம் செய்யும் இடம் தெரிந்தால் அங்கே இருப்பது இன்னும் நல்லது. அங்கே சுறா வேகத்தைக் குறைத்து, திரும்பத் திரும்ப ஒரே பாதையில் வரும்.

அண்ணன் சின்னதே வாங்குகிறார் என்றால் கூடவே இரண்டு கைப்பிடி வைத்த தட்டு ஒன்று, உபரி பேட்டரி இரண்டு, சிவப்பு ஃபில்டர் ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். 5 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பு மங்கத் தொடங்கி, 10 மீட்டரில் பெரும்பாலும் போய்விடும். சாம்பல் நிறச் சுறாவுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை, பின்னால் இருக்கும் பவளத்துக்குத்தான் ஃபில்டர். விளக்கு இப்போதைக்கு வேண்டாம். பகலில் கிரே ரீஃப் நிற்கும் தூரத்துக்கு அந்த வெளிச்சம் எட்டாது, நடுவில் மிதக்கும் தூசியைத்தான் வெள்ளைப் புள்ளியாகக் காட்டும்.