5,500 ரூபாய் கியர் சைக்கிளும் ஏற்காட்டு மலைப்பாதையும்

கொரோனா முடக்கத்தின்போது ஆசை ஆசையாகக் கியர் சைக்கிள் வாங்கியவர்களில் பலர், அலுவலகங்கள் திறந்ததும் அதைப் படிக்கட்டுக்கு அடியில் சாத்திவிட்டார்கள். அப்படிச் சாத்தப்பட்ட ஒன்றைத்தான் 2021 இறுதியில் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் 5,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஹைப்ரிட் வகை (தார்ச்சாலைக்கும் கரடுமுரடான பாதைக்கும் பொதுவானது), இரும்பு பிரேம், 700சி அளவுச் சக்கரம், முன்னால் மூன்று, பின்னால் ஏழு என 21 கியர், எடை பதினைந்து கிலோ. இன்று மீட்டர் 11,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. ஏற்காட்டுக்கு மட்டும் நாற்பது தடவைக்கு மேல் ஏறியிருக்கிறேன்.

வாங்கும்போது நான் பார்த்தவை எல்லாம் சரியாகவே இருந்தன. ஃபோர்க் வளையவில்லை, பிரேமின் ஒட்டுகளில் விரிசல் இல்லை, ரிம்மில் கோட்டம் கொஞ்சம்தான். பார்க்கத் தவறியது சீட் கம்பத்தை. வீட்டுக்கு வந்து உயரத்தை மாற்றலாம் என்று போல்ட்டைத் தளர்த்தினால், இரும்புக் குழாய்க்குள் அலுமினியக் கம்பம் பிடித்துக்கொண்டு அசையவே இல்லை. ஈரமும் வியர்வையும் இறங்க இறங்க அலுமினியம் அரித்து வெண்பொடியாகி, பசை வைத்ததுபோல் இறுகிவிடும். செவ்வாய்ப்பேட்டையில் எனக்குப் பழக்கமான வயதான மெக்கானிக் இரண்டு நாள் எண்ணெய் ஊறவிட்டு, சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி, சீட் கம்பத்தை வைஸில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிரேமையே இரண்டு கையாலும் திருகினார். துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் ஒரு சத்தம். பிறகு விரல் விரலாக வெளியே வந்தது. "கம்பத்துல கிரீஸ் தடவாம விட்டா இதுதாங்க தம்பி கதி," என்றார். பழைய சைக்கிள் பார்க்கப் போகிறவர்கள் பேரம் பேசுமுன் சீட்டை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

சமதரையில் இந்த வண்டிமேல் எனக்குக் குறையே கிடையாது. ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர் அணைக்குப் போய்த் திரும்பினால் நூறு கிலோமீட்டரைத் தொடும். அந்தப் பாதையில் பதினைந்து கிலோ எடை ஒரு பொருட்டே இல்லை. குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணமான பிரெவே ஒன்றையும், 200 கிலோமீட்டர், இதிலேயே முடித்தேன். அதற்குரிய பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் சாப்பாடு, பஞ்சர், தூக்கம் எல்லாம் அடக்கம் என்பதால், வேகமான வண்டியைவிட வழியில் நிற்க வைக்காத வண்டியே அங்கே கை கொடுக்கிறது.

மலைதான் உண்மையைச் சொல்லிற்று. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் அவ்வளவு உயரத்தையும் ஏறியாக வேண்டும். என் வண்டியின் மிகச் சிறிய கியரில் முன்னால் 28 பல், பின்னாலும் 28 பல். பெடலை ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதிக்க வேண்டுமானால் மணிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்குக் குறையக் கூடாது. வளைவின் உட்பக்கச் சரிவில் அது என் முழங்காலால் ஆகாத காரியம். முதல் மூன்று மாதம் பாதி வளைவுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கான ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு, 34 பல் வரை உள்ள ஒன்றைப் போட்டதும் நிலைமை தலைகீழானது. அதற்கேற்ப நீண்ட கையுள்ள டீரெய்லியரும் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்திக் கியர் மாற்றும் கருவி) சற்று நீளமான செயினும் போட வேண்டியிருந்தது. பழைய டீரெய்லியரால் அவ்வளவு பெரிய பல்சக்கரத்தை எட்ட முடியாது. இப்போது ஆறு கிலோமீட்டர் வேகத்திலும் கால் சீராகச் சுற்றுகிறது. நண்பர் ஒருவர் பத்துக் கிலோ சைக்கிள் வாங்கச் சொல்லி இன்றும் நச்சரிக்கிறார். என்னையும் வண்டியையும் சேர்த்தால் தொண்ணூற்றைந்து கிலோ. அதில் ஐந்து கிலோ குறைந்தால் இரண்டரை மணி நேர ஏற்றத்தில் ஏழெட்டு நிமிடம் மிச்சமாகும். ஏற்காடு ஒண்டிக்கடைப் பகுதியில் ஒரு டீயை வேகமாகக் குடித்தால் அதையும் ஈடுகட்டிவிடலாம்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் செலவு வைக்கிறது. வாங்கும்போது இருந்த பிரேக் கட்டைகள் ஆறே இறக்கத்தில் தேய்ந்தன. தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கக்கூடும் என்பதால், வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடப் பழகினேன். மழைநாளில் சேர்வராயன் மலையின் செம்மண் ரிம்மில் ஒட்டி அரத்தைப்போல் அராவுகிறது. அப்படி உதிரும் அலுமினியத் துணுக்குகள் ரப்பரில் பதிந்து பளபளக்கும். வீட்டுக்கு வந்ததும் அவற்றை ஊக்கால் குத்தி எடுப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை.

பெரிய பழுது ஒன்றே ஒன்று. ஏறக்குறைய 6,000 கிலோமீட்டரில், மேட்டூரிலிருந்து திரும்புகையில் மேச்சேரிக்கு அருகே பின்சக்கரம் பக்கவாட்டில் ஆடி பிரேக் கட்டையில் உரசத் தொடங்கியது. சக்கரத்தின் அச்சான ஆக்சில் இரண்டாக உடைந்திருந்தது. இது எங்கள் சாலையின் குற்றமன்று. திருகி மாட்டும் ஏழு கியர் ஃப்ரீவீலில் வலப்பக்கப் பேரிங் உள்ளே தள்ளி அமைவதால், ஆக்சிலின் ஒரு முனை தாங்கலில்லாமல் நீண்டு நிற்கிறது. கனமான ஆளும் குழியும் சேர்ந்தால் அங்கேதான் முறியும். பல்சக்கரங்களைச் செருகி மாட்டும் கேசட் வகை ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) பேரிங் ஓரத்திலேயே இருப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை. அன்று குட்டியானை ஒன்றில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினேன். ஆக்சிலை மாற்றித் தந்த கடையில், பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் கோனை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டதால், ஒரே மாதத்தில் பால்ரஸ் குழி விழுந்து மறுபடியும் செலவு. அதன்பின் கோன் ஸ்பானர் வாங்கி ஓவராயிலிங்கை நானே செய்துகொள்கிறேன்.

செயினையும் நானேதான் அளக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கேல் போதும்: புதுச் செயினில் பன்னிரண்டு அங்குலத்துக்குச் சரியாக ஒரு பின் (கண்ணிகளை இணைக்கும் ஊசி) வந்து நிற்கும், அது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப்போனால் மாற்றிவிட வேண்டும், எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவைத்தால் ஃப்ரீவீலின் பற்களும் சேர்ந்து தேய்ந்து இரட்டைச் செலவாகிவிடும். போன வாரம் அளந்தபோது பின் அந்தப் பதினாறில் ஒன்றைத் தொட்டிருந்தது. மூன்றாவது செயின் வாங்கி மேசை மேல் வைத்திருக்கிறேன். மழை விட்டதும் மாட்டிக்கொண்டு மலையேற வேண்டும்.