விலைப்பலகை இல்லாத வாழையிலைக் கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருந்து தோட்டத்துப் பக்கம் போகும் வழியில் இருக்கும் கடை. பெயர் வேண்டாம். முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், அதில் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். மிளகு தூக்கலான ரசம், உள்ளங்கையில் வாங்கிக் குடித்தால் அடைத்த மூக்கு திறந்துகொள்ளும். கோழிப் பிரட்டல் எலும்போடு, காரம் நின்று பேசும். மீன் வறுவல் மட்டும் சுமார், எண்ணெய் பழசு.

இனி கடை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு விலைப்பலகை இருந்தது: சைவம் 8 வெள்ளி (ரிங்கிட்), கோழியோடு 12. இப்போது அந்த இடத்தில் இரண்டு ஆணி மட்டும் நிற்கிறது. விலையை எழுதி வைப்பது நம் நாட்டில் சட்டம், ஆனாலும் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பலகையைக் கழற்றிய காரணம் மூன்று மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம்தான் புரிந்தது. தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத்துப் பையன்கள் இரண்டு பேர் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். மின்விசிறிக்குக் கீழே மேசை காலியாக இருந்தும், கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பெஞ்சைத்தான் கடைக்காரர்கள் காட்டினார்கள். நான் சாப்பிட்ட அதே கோழிச் சாப்பாடு. எனக்கு 12 வெள்ளி, அவர்களுக்கு ஆளுக்கு 15.

"ஏன்க்கா?" என்றேன். "அவனுங்க சோறு நிறைய சாப்பிடுவானுங்க தம்பி" என்றார் கல்லாவில் இருந்த அக்கா. அன்று நான் மூன்று தடவை சோறு வாங்கியிருந்தேன்.

ஆளைப் பார்த்து விலை சொல்ல வேண்டுமென்றால் பலகை இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். பலகை போனதும் கோலாலம்பூரில் இருந்து வரும் குடும்பங்களுக்கு ஒரு விலை வந்தது, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை விலை என்று ஒன்று. போன வாரம் எனக்கும் 15. "சாமான் விலை ஏறிடுச்சு தம்பி." ஏறியிருக்கலாம், எதை வைத்துச் சரிபார்ப்பது?

அந்தப் பையன்கள் வாய் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டார்கள். ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன், அவன் பாஸ்போர்ட் வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டின் கையில் இருக்கிறதாம். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படியே குற்றம், ஆனால் கையில் பாஸ்போர்ட் இல்லாதவன் எந்த போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சொல்வான்?

இதைக் கேட்டதும் எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வந்தது. சிவப்பு ஐசிக்காரர், அதாவது குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று ஆனபோது பல்லாயிரம் பேர் கப்பலேறி ஊருக்குப் போனார்கள், தாத்தா பெர்மிட்டோடு ரப்பர் பால்மரம் வெட்டத் தங்கிவிட்டார். ஆள் வைத்து வேலை வாங்கும் கொந்தராக்காரர் கூலியைக் குறைத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாராம், பேசினால் பெர்மிட் போய்விடும் என்ற பயம். தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த நீல ஐசிக்காரர்கள், அதாவது குடியுரிமை உள்ளவர்கள், முதலில் சிரித்திருக்கிறார்கள். கொஞ்ச நாளில் கொந்தராக்காரர் அவர்களிடமும், "அந்த ஆள் இந்தக் கூலிக்கு வர்றான், உனக்கென்ன?" என்று கேட்க ஆரம்பித்தார். பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் வெற்றிலையை நிறுத்திவிட்டுச் சொல்வார்.

இன்றைக்குத் தோட்டத்தில் அதே கதைதான், ஆள்தான் வேறு. பயந்தவனை வைத்துக் கூலியைக் கீழேயே வைத்திருந்ததால் நம் பையன்கள் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள். 2020இல் வெளிநாட்டு ஆள் எடுப்பதை அரசாங்கம் நிறுத்தியதும் குலை வெட்ட ஆளில்லாமல் செம்பனைப் பழம் மரத்தடியில் உதிர்ந்து அழுகியது, லாரிக்காரருக்கு ஓட்டம் இல்லை, இந்தக் கடையே பாதி நாள் மூடிக் கிடந்தது. அப்போது இதே அக்காதான் "அவனுங்க இல்லாம யாவாரமே இல்ல தம்பி" என்று என்னிடம் புலம்பினார்.

சாப்பாட்டுக்கு நான்கு நட்சத்திரம், கடைக்கு ஒன்று. போகிறவர்கள் இலை போடும் முன்பே விலையைக் கேளுங்கள், தொட்டிப் பக்கத்துப் பெஞ்சுக்கு என்ன விலை என்றும் சேர்த்துக் கேளுங்கள். திங்கட்கிழமை கடை இல்லை. ரசம் ஒன்றரை மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும்.