பேஸ்பால் கேட்க ஒரு ரேடியோ: நாலு சீசன் கழித்து

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நான் இருக்கும் டி மாய்ன் நகருக்குப் புதிதாகக் குடிவரும் நண்பர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "பேஸ்பாலுக்கு ஸ்ட்ரீமிங் சந்தா கட்டட்டுமா, இல்ல உங்ககிட்ட இருக்கிற மாதிரி ஒரு ரேடியோ வாங்கிக்கவா?" நான் அப்போதுதான் அந்த ரேடியோவைத் திறந்துபோட்டு, வால்யூம் குமிழின் அடியில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தேன். இது இரண்டாவது ரிப்பேர். வாங்கியது 2022 மார்ச்சில், பேஸ்பால் அணி முதலாளிகள் வீரர்கள்மீது நடத்திய 99 நாள் கதவடைப்பு முடிந்த கையோடு. முள் ஓடும் டயல், இரண்டு பேட்டரி, சட்டைப்பையில் அடங்கும். அவ்வளவுதான், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். எங்கள் உள்ளூர் ஏ.எம். நிலையம் 1040 கிலோஹெர்ட்ஸில், 50,000 வாட். கார்டினல்ஸ் அணியின் ஆட்டம் வருவதோ செயின்ட் லூயிஸிலிருந்து 1120-இல். இரண்டுக்கும் நடுவே முள் நகரும் தூரம் நகக்கண் அளவு. நல்ல ரேடியோவுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இதற்கோ ஜுரம். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், பந்து காற்றில் இருக்கிறது என்கிறார் வர்ணனையாளர்; அந்த நொடியில் அடியிலிருந்து யாரோ சோள விலை பேச ஆரம்பிக்கிறார். ரேடியோவை ஜன்னல் பக்கமாகத் திருப்பி, சமையலறை எல்இடி விளக்கை அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளை அரை மயிரிழை நகர்த்தினால் ஆட்டம் முடிந்திருக்கும்.

சரி, அப்புறம் ஏன் வைத்திருக்கிறேன்? அயோவாவுக்கென்று மேஜர் லீக்கில், அதாவது பேஸ்பாலின் உச்ச லீக்கில், ஓர் அணி கிடையாது. அதனாலேயே கப்ஸ், ஒயிட் சாக்ஸ், கார்டினல்ஸ், ராயல்ஸ், ட்வின்ஸ், ப்ரூவர்ஸ் என்று ஆறு அணிகள் இதைத் தங்கள் டிவி எல்லையாகக் கோருகின்றன. வெளியூர் ஆட்டங்களுக்கான சந்தாவில் பக்கத்து ஊர்க்காரர்களையெல்லாம் மறைத்துவிட்டு, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நடக்கும் ஆட்டத்தைத் தாராளமாகக் காட்டுவார்கள். ஏ.எம். அலைக்கு இந்த வரைபடம் தெரியாது. பொழுது சாய்ந்ததும் மேல்வானத்தில் அலையை உறிஞ்சும் அடுக்கு கலைந்துவிடுகிறது. சிகாகோ 670-இலும் சின்சினாட்டி 700-இலும் தானாக ஏறி வருகின்றன. குரல் கிணற்றுக்குள் போய் மீண்டும் மேலே வருவதுபோல் இருக்கும். சின்ன வயதில் சேப்பாக்கம் டெஸ்ட் வர்ணனை கேட்டவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் பழக்கம்தான்.

இதிலும் ஒரு வில்லங்கம். ஜூனில் இங்கே சூரியன் மறைய எட்டே முக்கால் ஆகிறது. ஆட்டம் ஆறே முக்காலுக்கே தொடங்கிவிடும். 2022-இல் சராசரி ஆட்டம் 3 மணி 4 நிமிடம் ஓடியது. மூன்றில் ஒரு பங்காவது தெளிவாகக் கேட்கும். 2023-இல் பந்து வீச நேரக்கெடு வைக்கும் பிட்ச் கிளாக் வந்து அதை 2 மணி 40 நிமிடமாக்கிவிட்டது. வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்லதுதான், நானே அதை ஆதரித்துப் பேசியவன். ஆனால் வெட்டிய நேரம் முழுக்க என் இருட்டிலிருந்து போனது. கதை சொல்ல வர்ணனையாளருக்கும் இடைவெளி இல்லை. 1930-களில் இதே டி மாய்னில், பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்டு ரீகன் ஸ்டுடியோவில் உட்கார்ந்துகொண்டு, தந்தியில் வரும் துண்டுச் செய்தியை வைத்தே கப்ஸ் ஆட்டத்தை வர்ணித்தவர். ஒருநாள் தந்தி நின்றுபோக, லைன் வரும்வரை பேட்டரை ஃபவுல் மேல் ஃபவுலாக (கோட்டுக்கு வெளியே போகும் அடி) அடிக்க வைத்துச் சமாளித்தாராம். அப்போது 15 விநாடிக் கடிகாரம் இருந்திருந்தால் ஃபவுல் கணக்கு எங்கே போயிருக்குமோ.

2026-இல் வந்திருக்கும் பால்-ஸ்ட்ரைக் முறையீடு, அதாவது நடுவர் சொன்ன பால் அல்லது ஸ்ட்ரைக்கை எதிர்த்துக் கேட்பது மட்டும் ரேடியோவுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஓர் அணிக்கு இரண்டு வாய்ப்பு. பேட்டர் தலைக்கவசத்தைத் தட்டினால் மைதானமே ஒரு நொடி அடங்கும், பிறகு கூச்சல். படம் தேவையே இல்லை. மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே இருக்கும் டிரிபிள்-ஏ ஆட்டங்களில், எங்கள் ஊர் அயோவா கப்ஸ் அணி ஆடுவதில், இதை முன்பே பார்த்துப் பழகிவிட்டோம்.

டிரிபிள்-ஏ என்றதும் வயிறு எரிகிறது. நாங்கள் நாற்றங்கால், நடவு வேறெங்கோ. ஓவன் கேய்சி 2020 டிசம்பரில் பந்து வீச்சாளர் யூ டார்விஷை வேறு அணிக்குக் கொடுத்ததில் சிகாகோ கப்ஸுக்கு வந்த பையன். இங்கே ஆற்றங்கரை மைதானத்தில் அவன் வளர்ந்ததைக் கண்ணால் பார்த்தோம். 2026 ஜனவரியில் அவனை மயாமிக்குக் கொடுத்து எட்வர்ட் கப்ரேராவை வாங்கிக்கொண்டார்கள். பந்து வீச்சாளர் வேண்டும், கணக்குப்படி சரி. கணக்கு என்றால் 2015-ஐயும் சொல்ல வேண்டும்: கிரிஸ் பிரையன்ட் பயிற்சி ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்தும், இன்னும் ஃபீல்டிங் கற்க வேண்டும் என்று இங்கே அனுப்பினார்கள். மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டு சேவை. அவருக்குக் கிடைத்தது 171. விரும்பிய அணிக்குப் போகக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட் ஆவது ஓராண்டு தள்ளிப்போனது. 2026 டிசம்பர் 1-இல் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் மறுபடி முடிகிறது. வீரர்கள் நாள் எண்ணுவதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நண்பரிடம் கடைசியில் சொன்னது: வாங்காதீர்கள். முள் நிற்காது, பகலில் வெளியூர் நிலையம் ஒன்றும் எடுக்காது, ஹெட்போன் ஓட்டையில் ஒரு காது மட்டும்தான் வேலை செய்யும். பழைய சாமான் விற்பனையில் எங்காவது ஐந்து டாலருக்கு இதே மாடல் கண்ணில் பட்டால் மட்டும் விட்டுவிடாதீர்கள், எனக்கு டயலுக்கு உதிரிபாகம் வேண்டும்.