விலை குறைந்திருக்கிறதே, கூஸ்நெக் ஸ்டாண்ட் வாங்கலாமா?

நண்பர் ஒருவர் லெகோ வைத்து ஸ்டாப் மோஷன் (பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு படமாக எடுத்து, சேர்த்து ஓட்டும் படம்) எடுக்கப் போகிறாராம். மேஜை விளிம்பில் மாட்டுகிற, இஷ்டத்துக்கு வளைக்கக்கூடிய நீளக் கழுத்துள்ள கூஸ்நெக் மொபைல் ஸ்டாண்ட் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டார். அதோடு வெகுநாளாக மல்லுக்கட்டுகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். லெகோ பொம்மையின் உயரம் சுமார் 4 செ.மீ. அதன் கண்மட்டத்துக்கு லென்ஸ் இறங்கினால்தான் பின்னால் நிற்கும் கட்டடம் கட்டடமாகத் தெரியும். மேலிருந்து எடுத்தால் வெறும் மேஜையும் பொம்மையும்தான். சாதாரண ட்ரைபாட் அவ்வளவு கீழே வராது. இந்தக் கழுத்தோ இரண்டு வீடுகளுக்கு நடுவே சந்துக்குள்ளும் நுழையும். போனைத் தலைகீழாக மாட்டிவிட்டால் லென்ஸ் கிட்டத்தட்டத் தரையை உரசும். அங்கிருந்து பார்த்தால் நாலு வரிசை அடுக்கிய சுவர்கூடக் கோட்டை மதில் மாதிரி இருக்கும்.

சரி, தலைவலிக்கு வருவோம். கழுத்து தொங்கும். அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். வளைத்து நிறுத்தியதும் அசையாமல் நிற்பது போலத்தான் இருக்கும். ஆனால் நுனியில் 200 கிராம் போன் இருக்கிறதே, மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். நொடிக்கு 12 ஃப்ரேம் என்றால் பத்து நொடிக் காட்சிக்கு 120 படம். ஒரு சாயங்காலமே போய்விடும். ஓட்டிப் பார்த்தால் பொம்மை நடக்கிறது, கூடவே சுவரும் மேலே ஏறுகிறது! லென்ஸ் 15 செ.மீ. தள்ளி இருக்கும்போது அரை டிகிரி சாய்ந்தாலே காட்சி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகரும். ஒரு லெகோ பிளேட்டின், அதாவது தட்டையான மெல்லிய பிளாக்கின், தடிமனே 3.2 மி.மீ.தான்.

ஆனியன் ஸ்கின் (முன்பு எடுத்த ஃப்ரேமைத் திரையில் மங்கலாகக் காட்டும் வசதி) காட்டிக்கொடுக்காதா என்றால், காட்டாது. முந்தைய ஃப்ரேமோடு மட்டும் ஒப்பிட்டால் எல்லாம் சரியாகவே தெரியும். முதல் ஃப்ரேமோடு ஒப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும்.

நியாயமாகப் பேசினால், எல்லாப் பழியையும் ஸ்டாண்டின் தலையில் போட முடியாது. ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் லாக் செய்யாவிட்டால் எந்த ஸ்டாண்டிலும் படம் மினுக்கும். திரையைத் தொட்டு ஷட்டர் அழுத்தினால் எந்தக் கழுத்தும் ஆடும். ஷட்டருக்கு வயர் இயர்போனின் வால்யூம் பட்டன் போதும். வெள்ளைச் சட்டையும் வேண்டாம், நீங்கள் நகர நகர அதன் வெளிச்சம் பளபளப்பான பிளாக்குகளில் அடிக்கும்.

தொங்கலுக்கு வைத்தியம் இருக்கிறது. லெகோ செட்டை எந்தப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்களோ, அதே பலகையில் ஸ்டாண்டின் கிளாம்பை மாட்டுங்கள். கை இடித்தாலும் இரண்டும் சேர்ந்தே நகரும். அப்புறம் போனுக்கு அடியில் லெகோவிலேயே ஒரு தூண் கட்டி முட்டுக்கொடுங்கள். உயரம் பற்றாவிட்டால் ஒரு பிளேட் கூட்டலாம், மிஞ்சினால் ஒன்றைக் கழற்றலாம். இப்படிச் செய்த பிறகு என் சுவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஆனால் எரிச்சலே அங்கேதான். போனைத் தாங்குவது தூண். கழுத்து அதன்மேல் சாய்ந்துகொண்டு ஒய்யாரமாக நிற்கிறது. இதற்கு எதற்கு ஒரு ஸ்டாண்ட்?

விலை இன்னும் பாதியானாலும் வாங்காதீர்கள்; அந்தக் காசுக்குப் பிளாக் வாங்குங்கள். என்னுடையதை இரவல் கேட்டாலும் தரமாட்டேன். சந்துக் காட்சி இன்னும் பாக்கி இருக்கிறது, அதற்கு என்னிடம் வேறு வழியில்லை.