ஃபெயித்ஃபுல்லியா, சின்சியர்லியா?

கோத்தகிரியில் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கடிதங்களைக் கவனிக்கிறேன். குன்னூர் ஏலப் புரோக்கர், தேயிலை வாரியம், கொச்சியில் சரக்கு எடுக்கும் வியாபாரி என்று யாருக்காவது ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். கடிதத்தை 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி' என்று முடிப்பதா, 'யுவர்ஸ் சின்சியர்லி' என்றா? நான் இப்போது முடிந்தவரை சின்சியர்லி பக்கம்.

விதி பிரிட்டிஷ்காரர்களுடையது. மேலே 'டியர் சார்', 'டியர் மேடம்' என்றால் கீழே ஃபெயித்ஃபுல்லி. பெயர் சொல்லி அழைத்தால் சின்சியர்லி. யுவர்ஸில் அபாஸ்ட்ரஃபி கிடையாது. இரண்டாவது சொல்லுக்குச் சின்ன எழுத்து, பின்னால் கமா. அவ்வளவுதான்.

தகராறு காப்பி அடிப்பதில் வருகிறது. ஆபீஸில் யாரும் கடிதத்தைப் புதிதாக எழுதுவதில்லை. போன மாதம் சாம்பிளோடு போன கடிதத்தைத் திறந்து தேதி, இன்வாய்ஸ் நம்பர், பெயர் மூன்றையும் மாற்றி அனுப்பிவிடுவோம். கடைசி வரியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. 'டியர் மிஸஸ் தாமஸ்' என்று ஆரம்பித்து ஃபெயித்ஃபுல்லியில் முடிகிற கடிதங்கள் இப்படித்தான் கிளம்புகின்றன. பெயரைச் சேர்த்த நிமிடமே ஃபெயித்ஃபுல்லி தப்பாகிவிடும். ஒவ்வொரு முறையும் அதை ஞாபகமாக மாற்ற வேண்டும். பெயரோடு சின்சியர்லி போட்ட மாதிரிக் கடிதம் ஒன்றை வைத்துக்கொண்டால் அடியில் கை வைக்கவே வேண்டாம். பெயர் தெரியாவிட்டால் ஒரு போன் போட்டால் போச்சு. 'டியர் சார்' ஒரு பெண் மேனேஜரின் மேஜையில் போய் விழும் சங்கடமும் இல்லை. ஒன்று மட்டும்: விலாசத்தில் 'மிஸ்டர் ஆர். சுந்தரம்' என்று இருந்தாலும் அழைக்கும்போது 'டியர் மிஸ்டர் சுந்தரம்' போதும், இனிஷியலை விட்டுவிடலாம்.

ஆளுக்கு இல்லாமல் நாற்காலிக்கு எழுதும்போது ஃபெயித்ஃபுல்லிதான் சரி. லைசென்ஸ், மானியம் என்று வாரியத்துக்குப் போகும் விண்ணப்பங்களில் நானும் அதையே போடுகிறேன். ஆனால் அதற்கு மேலே வழக்கமாக ஒட்டிக்கொள்ளும் 'தேங்கிங் யூ' வேண்டாம், அது அரை வாக்கியம். 'தேங்க் யூ' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடலாம்.

மெயிலில் 'ரிகார்ட்ஸ்' இருக்கிறதே என்பீர்கள். தினமும் பேசுகிற புரோக்கருக்கு அது போதும். முதல் கடிதத்துக்கும் பாக்கி கேட்கும் கடிதத்துக்கும் கொஞ்சம் லேசாகப் படுகிறது எனக்கு. அமெரிக்காவுக்கு நான் எழுதியது குறைவு. அங்கே ஃபெயித்ஃபுல்லி புழக்கத்தில் இல்லை, வெறும் 'சின்சியர்லி' என்று முடித்தாலே போதும்.