ஓப்பன்டோபோகிராஃபி சைட்: ஓசியில லேசர் மேப், ஆனா லேப்டாப் ஜாக்கிரதை

ரெண்டு வாரமா இதத்தான் நோண்டிட்டு இருக்கேன். ஃப்ளைட்ல லேசர் மாட்டி தரைய அளந்த டேட்டா, அமெரிக்காவுல சான் டியேகோ சூப்பர்கம்ப்யூட்டர் சென்டர்ல வச்சிருக்காங்க, காசு கிடையாது. மொதல்ல தொறந்தது பி4, 2005ல கலிஃபோர்னியாவுல நிலத்தட்டு ரெண்டு உரசுற சான் ஆண்ட்ரியாஸ் பிளவு நெடுக பறந்து எடுத்தது, பேருக்கு அர்த்தமே 'பிஃபோர்'தான், பெரிய நிலநடுக்கம் வர்றதுக்கு முன்னாடியே படம் பிடிச்சு வச்சுட்டாங்க, வந்தப்புறம் திரும்ப பறந்து ஒப்பிட்டுக்கலாம்னு (என்னா முன்யோசனை!).

அதே பிளவு மேல இருக்குற வாலஸ் க்ரீக்க ஜூம் பண்ணி பாருங்க, ஓடை நேரா இறங்கி வந்து பிளவுகிட்ட டக்குனு மடங்கி 130 மீட்டர் பக்கவாட்டுல போயிட்டு மறுபடி நேரா ஓடுது, அம்புட்டும் பல நிலநடுக்கத்துல நிலம் தவணை தவணையா நகந்தது, பாத்ததும் புல்லரிச்சிருச்சு.

மெக்சிகோவுல 2010 ஏப்ரல்ல 7.2 அளவு நிலநடுக்கம் அடிச்சுச்சே, அங்க 2006லயே எடுத்த அளவு இருந்துச்சு, பின்னாடி எடுத்ததுல இருந்து அத கழிச்சு எங்க மேடாச்சு எங்க இறங்குச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. வருஷத்துக்கு சில மில்லிமீட்டர் நகர்றதெல்லாம் இதுல தெரியாது, அதுக்கு ஜிபிஎஸ்தான்.

ஆசைப்பட்டு பெரிய ஏரியா செலக்ட் பண்ணேன், என் பழைய லேப்டாப் ஃபேன் மாவு மில்லு மாதிரி கத்துச்சு. சின்ன கட்டமா எடுங்க. அஞ்சுக்கு நாலரை.